பழைய அம்பாசிடரா, மாருதி 800-ஆ? வாங்குமுன் விவசாயி பார்க்க வேண்டியவை

நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், "வீட்டுக்கு ஒரு கார் இருந்தால் தேவலை" என்ற பேச்சு இன்று பல விவசாயக் குடும்பங்களில் எழுகிறது. நடு இரவில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; பிள்ளைகளை வெளியூர்க் கல்லூரியில் விட வேண்டும்; இரண்டு மூட்டை காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு போக வேண்டும். புதுக் கார் வாங்க வசதியில்லாதவர்கள் பழைய காரைத் தேடுகிறார்கள். அப்படித் தேடும்போது, விலை கட்டுப்படியாகவும் நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்குப் பழக்கமானதாகவும் உள்ள இரண்டு கார்கள் முன்னே நிற்கும். ஒன்று அம்பாசிடர், மற்றது மாருதி 800.

இரண்டும் இப்போது உற்பத்தியில் இல்லை. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் கடைசியிலிருந்து தயாரித்து வந்த அம்பாசிடர், 2014 மே மாதத்துடன் நின்று போயிற்று. 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து வெளிவரத் தொடங்கிய மாருதி 800, 2014 ஜனவரியில் நின்றது. ஆகவே இன்று விலைக்கு வரும் வண்டி எதுவானாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. 20 வருடம், 30 வருடம் கடந்தவையும் உண்டு.

இவற்றில் எது நல்ல கார் என்று கேட்பதில் பயனில்லை. "என் பாதைக்கும் என் பாரத்துக்கும் எது ஏற்றது?" என்று கேட்க வேண்டும். இரண்டு கார்களும் அடிப்படை அமைப்பிலேயே வேறானவை. அந்த வேற்றுமையைப் புரிந்து கொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

அமைப்பில் உள்ள வேற்றுமை

அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் அமைப்பைக் கொண்டது. என்ஜின் முன்னால் நீளவாட்டில் இருக்கும். அதன் சக்தி கியர் பெட்டி வழியாக, வண்டியின் அடியில் ஓடும் நீண்ட ஷாப்ட் மூலம் பின் சக்கரங்களுக்குப் போகிறது. பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளுகின்றன. பின்பக்கம் லாரிகளில் உள்ளது போன்ற பட்டை ஸ்பிரிங். முன்பக்கம் முறுக்குக் கம்பி, அதாவது டார்ஷன் பார். பழைய மாடல்களில் 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின். 1980-களில் அதே அளவில் டீசல் என்ஜினும் கிடைத்தது. 1990-களில் இசுசு அமைப்பில் 1,817 சி.சி. பெட்ரோல் என்ஜினும், பின்னர் 1,995 சி.சி. டீசல் என்ஜினும் வந்தன. வண்டியின் எடை சுமார் 1,100 கிலோ.

மாருதி 800, ஜப்பானிய சுசுகி அமைப்பு. 796 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். கியர் பெட்டியும் அதனோடு சேர்ந்தே முன்னால் அமைந்திருக்கிறது. பின்னுக்குப் போகும் ஷாப்ட் கிடையாது. இரண்டு குட்டை ஷாப்டுகள் முன் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. முன் சக்கரங்களே வண்டியை இழுக்கவும் செய்கின்றன, திருப்பவும் செய்கின்றன. எடை சுமார் 650 கிலோதான். அம்பாசிடரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளமும், 20 சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் குறைவு. குறுகிய தெருவிலும் வரப்போரப் பாதையிலும் இந்தக் குறைவு பெரிய வசதி.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை. பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். மாடுகள் கால் ஊன்றி இழுக்க முடியாது. முன்பாரம் அதிகமானால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும்.

காரிலும் இதே கதைதான். மாருதியில் இழுக்கும் மாடுகள் முன் சக்கரங்கள். வண்டியில் ஓரிருவர் மட்டும் இருக்கும்போது என்ஜினின் எடை முழுவதும் அவற்றின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஈரச் சாலையில் நன்றாகப் பிடித்து ஓடும். ஆனால் பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் இரண்டு மூட்டையும் ஏறிவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் இலேசாகிறது. இந்த நிலையில் ஏரிக்கரை ஏற்றத்திலோ, மழை பெய்து வழுக்கும் களிமண் பாதையிலோ முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

அம்பாசிடரில் கதை நேர்மாறு. தள்ளுகிறவன் பின்னால் இருக்கிறான். பின்னால் ஏறும் பாரம் அவன் காலைத் தரையில் அழுத்தமாக ஊன்ற வைக்கிறது. ஐந்து பேரும் மூட்டையும் ஏறிய அம்பாசிடர் மண் மேட்டில் ஏறும் பலம் இதனால்தான் வருகிறது. அதே அம்பாசிடரில் ஓட்டுபவர் மட்டும் தனியாகப் போனால் சேற்றில் பின் சக்கரம் சுழலும், பின்பக்கம் பக்கவாட்டில் இழுக்கும். மழைக் காலத்தில் வெறும் அம்பாசிடரை வேகமாகத் திருப்புவது ஆபத்து.

மாருதி வைத்திருப்பவர்கள் பின் சீட்டை மடக்கி, மூட்டையை முன் சீட்டின் முதுகோடு ஒட்டி வைத்தல் நலம். டிக்கியின் கடைசியில் வைக்கக் கூடாது. வழுக்கும் சிறு மேட்டில் முன்னோக்கி ஏற மறுத்தால், பாதை நேராகவும் ஆள் நடமாட்டம் இல்லாமலும் இருக்குமானால், வண்டியைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் ஏற்றிப் பார்க்கலாம். அப்போது ஏற்றத்தில் எடை சாயும் பக்கம் இழுக்கும் சக்கரங்கள் இருப்பதால் பிடிப்புக் கிடைக்கும்.

சக்கரத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். அம்பாசிடரின் சக்கரம் 15 அங்குலம்; மாருதியின் சக்கரம் 12 அங்குலம். அம்பாசிடர் எளிதாகக் கடக்கும் குழியில் மாருதியின் சிறிய சக்கரம் இறங்கி ஏறும். டிராக்டர் ஓடி ஆழமாகத் தடம் விழுந்த பாதையில் மாருதியின் அடிப்பாகம் நடுமேட்டில் தட்டும். தினமும் இப்படிப்பட்ட பாதையில் போக வேண்டியவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விதிதான். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் எந்தக் காரையும் இறக்கக் கூடாது.

எரிபொருள் கணக்கு

நல்ல நிலையில் உள்ள பழைய பெட்ரோல் அம்பாசிடர் லிட்டருக்குச் சுமார் 10 கிலோ மீட்டர் கொடுக்கும். டீசல் அம்பாசிடர் 12 அல்லது அதற்குச் சற்று மேல். மாருதி 800 சுமார் 16. மாதம் 500 கிலோ மீட்டர் ஓடுவதாக வைத்துக் கொள்வோம். பெட்ரோல் அம்பாசிடருக்கு 50 லிட்டர் வேண்டும். மாருதிக்கு 31 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் சுமார் 1,900 ரூபாய் வித்தியாசம். வருடத்துக்கு 22,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒரு போகத்து உரச் செலவில் நல்ல பங்கு இது. டீசல் அம்பாசிடரின் செலவு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும்.

ஆகவே அதிக தூரம் ஓடுகிறவர்கள் பெட்ரோல் அம்பாசிடரை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கினால், மிச்சம் பிடித்த பணம் இரண்டே வருடத்தில் பெட்ரோல் பங்க்குக்குப் போய்விடும். மாதம் நூறு, நூற்றைம்பது கிலோ மீட்டர் மட்டும் ஓடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல.

இன்னொரு விஷயமும் உண்டு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தப் பழைய கார்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வண்டி வாரக் கணக்கில் கொட்டகையில் நின்றால் டாங்கி துருப்பிடித்துக் கார்புரேட்டர் அடைத்துக் கொள்ளும். பெட்ரோல் வண்டி வாங்கினால் முதல் வேலையாக எரிபொருள் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, டாங்கியைச் சுத்தம் செய்து, பில்டரைப் புதிதாகப் போடுதல் வேண்டும். பெட்ரோல் குழாய் கசிந்தால் தீப்பிடிக்கும் என்பதால் இதைத் தள்ளிப் போடலாகாது.

பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு மற்றொரு குறையும் உண்டு. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோலே விற்கப்படுகிறது. பழைய வால்வு சீட்டுகளுக்கு ஈயம் ஒரு மெத்தை போல் இருந்தது. என்ஜின் வேலை செய்யும்போது கடினமான வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக் கொள்வது நல்லது.

பழுதும் உதிரிப் பாகமும்

அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஆள் இறங்கி நிற்கும் அளவு இடம் இருக்கும். ஸ்பானரும் ஸ்குரூ டிரைவரும் கொண்டே பல வேலைகளை முடிக்கலாம். பழைய என்ஜினின் ஹெட் வார்ப்பிரும்பு. சற்றுச் சூடு ஏறினாலும் தாங்கும். ரேடியேட்டர் விசிறி பெல்ட்டில் ஓடுவதால் என்ஜின் ஓடும்வரை அதுவும் ஓடும். ஆனால் அடிக்கடி கவனிப்புக் கேட்கும் வண்டி இது. முன் சக்கரப் பகுதியில் கிரீஸ் வைக்க வேண்டிய இடங்கள் உண்டு. ஷாப்டின் கிராஸ் தேயும். கிரீஸ் வைக்க மறந்தவனை அம்பாசிடர் வழியில் நிறுத்திவிடும்.

மாருதிக்கு இந்தக் கவனிப்புக் குறைவு. ஆனால் சில விஷயங்களில் அது மன்னிக்காது. ஹெட் அலுமினியத்தால் ஆனது. தண்ணீர் இல்லாமல் சூடேறினால் வளைந்து போகும். ரேடியேட்டர் விசிறி மின்சார மோட்டாரில் ஓடுகிறது. மோட்டார் எரிந்தாலோ, சூட்டை உணர்ந்து அதை இயக்கும் ஸ்விட்ச் கெட்டாலோ விசிறி நின்றுவிடும். வால்வுகளை இயக்குவது ரப்பர் பெல்ட். அது எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் வாங்கியவுடன் மாற்றிவிடுதல் நலம்.

உதிரிப் பாகம் என்று பார்த்தால் மாருதியின் கை ஓங்கியிருக்கிறது. 25 லட்சத்துக்கும் மேற்பட்ட மாருதி 800 கார்கள் ஓடியிருக்கின்றன. அதே 796 சி.சி. என்ஜின் ஆம்னி வேனிலும் இருந்ததால் என்ஜின் சாமான்கள் சிறு நகரங்களிலும் கிடைக்கும். அம்பாசிடரின் என்ஜின், பிரேக் சாமான்கள் பெரிய ஊர்களில் கிடைக்கின்றன. கதவு, மட்கார்டு போன்ற தகட்டுப் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் கடைகளில் தேட வேண்டியிருக்கும். உங்கள் ஊரிலிருந்து பத்துக் கிலோ மீட்டருக்குள் அம்பாசிடர் வேலை தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அம்பாசிடர் ஆசையை விட்டுவிடலாம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து விலை பேசக் கூடாது. விதை நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பது போல வண்டியையும் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும்.

1. துரு: இதுவே முதல் சோதனை. அம்பாசிடருக்கு லாரி போலத் தனிச் சேசிஸ் உண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. இரண்டு கார்களிலும் உடல் தகடே சேசிஸ். தரைத் தகடு இற்றுப் போனால் வண்டியின் முதுகெலும்பே போயிற்று என்று பொருள். மிதியடியைத் தூக்கிவிட்டு ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். கதவுக்குக் கீழுள்ள ஓரம், டிக்கியின் தரை ஆகியவற்றைப் பாருங்கள். அம்பாசிடரில் பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடமும், முன்பக்க முறுக்குக் கம்பி உடலோடு சேரும் இடமும் மிக முக்கியம். மாருதியில் முன் சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடங்களைப் பார்க்க வேண்டும்.

2. பட்டி பூச்சு: சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் வைத்துப் பாருங்கள். நல்ல தகட்டில் ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது.

3. குளிர்ந்த என்ஜின்: விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, காலையில் ஸ்டார்ட் செய்யாத வண்டியைப் பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட்டில் சந்தேகம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருந்தாலும் அப்படியே. ரேடியேட்டர் மூடியை வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும்.

4. மாருதியின் ஷாப்ட்: ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள். "டக் டக்" என்று சத்தம் வந்தால் முன் ஷாப்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்து மணல் புகுந்திருக்கும்.

5. அம்பாசிடரின் ஷாப்ட்: வண்டி கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் அடியில் "டங்" என்று இடித்தால் கிராஸ் தேய்வு. ஓட்டத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் டிபரன்ஷியல் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. இது செலவு பிடிக்கும் வேலை.

6. நிற்கும் நிலை: சமதரையில் நிறுத்தித் தள்ளி நின்று பாருங்கள். அம்பாசிடர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் பட்டையோ முறுக்குக் கம்பியோ சோர்ந்துவிட்டது.

7. பாரத்தோடு ஓட்டம்: நான்கு பேரை ஏற்றி, நீங்கள் தினமும் போகும் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். மேட்டில் என்ஜின் வேகம் கூடியும் வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

8. பிரேக்: பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிப்புக் குறையும். ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைப் பாதையில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும்.

9. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி: சென்னையில் 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படிப்பட்டவை கைமாறி எந்த ஊருக்கும் வரலாம். சீட்டின் அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தாலோ, விரிப்பின் அடியில் வண்டல் இருந்தாலோ ஒதுங்கிவிடுங்கள்.

உயிர்ப் பாதுகாப்பு

இரண்டு கார்களிலும் காற்றுப் பை கிடையாது. அம்பாசிடரின் தகடு கனமானது என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. மோதலில் வண்டி நசுங்காவிட்டாலும் உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கில் மோதுவார். மாருதியோ இலேசான வண்டி. லாரியோடு மோதினால் தாங்காது. மிகப் பழைய வண்டிகளில் சீட் பெல்ட்டே இருக்காது. பெல்ட் பொருத்தி, அதை மாட்டிக் கொண்டு, 60 கிலோ மீட்டர் வேகத்துக்குள் ஓட்டுதலே இவற்றுக்குத் தக்க முறை. அம்பாசிடர் முன் சீட்டில் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர் என்று திருமணத்துக்கு ஏற்றிச் செல்லும் பழக்கம் உயிரோடு விளையாடுவதாகும்.

ஆவணங்கள்

சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. 20 வருடம் கடந்த வண்டிகளுக்கு 2025-ல் மேலும் கூட்டப்பட்டது. பசுமை வரியும் உண்டு. பதிவு முடிந்த வண்டியை "நீங்களே புதுப்பித்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லி விற்றால், அந்தச் செலவையும் தாமதக் கட்டணத்தையும் விலையில் கழித்துப் பேச வேண்டும். புதுப்பித்த பிறகே பணம் தருவது இன்னும் நல்லது.

என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கின்றனவா என்று நேரில் பார்க்க வேண்டும். பழைய அம்பாசிடர்களில் வேறு வண்டியின் டீசல் என்ஜினைப் பட்டறையில் மாட்டியிருப்பார்கள். அது ஆர்.சி.யில் ஏறாவிட்டால் புதுப்பிக்கும்போது தொல்லை. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் தொல்லை. ஆர்.சி.யில் காட்டாத காஸ் பொருத்தம் உள்ள வண்டியைத் தொடவே வேண்டாம்.

கைமாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவை வேண்டும். கடன் பாக்கி தீர்ந்திருந்தால் படிவம் 35. வெளி மாநில வண்டியானால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது. வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு ஓட்டுவது இரு தரப்புக்கும் கேடு.

யாருக்கு எது?

வீட்டிலிருந்து தார்ச் சாலை உள்ளவர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று பேரே பயணம் செய்பவர்கள், மாதம் 300 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுபவர்கள் மாருதி 800 வாங்கலாம். 2000-க்குப் பிறகு வந்த, துருவில்லாத வண்டி கிடைத்தால் மிக நல்லது.

தோட்டத்து வீட்டுக்கு ஒரு கல் தூரமாவது மண் பாதை, ஐந்து பேர் கொண்ட குடும்பம், பின்னால் எப்போதும் பாரம், பக்கத்தில் கை தேர்ந்த மெக்கானிக் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு டீசல் அம்பாசிடர் ஏற்றது. பெட்ரோல் அம்பாசிடர், மிகக் குறைவாக ஓட்டுபவர்களுக்கு மட்டுமே.

தினமும் பத்து மூட்டை ஏற்ற வேண்டும் என்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். சரக்கு ஏற்றச் சிறிய சரக்கு வண்டிதான் சரி. சொந்தக் காரை வாடகைக்கு விடுவதும் சட்டப்படி குற்றம்.

எதை வாங்கினாலும் கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. 60,000 ரூபாய் இருந்தால் 40,000 ரூபாய்க்குள் வண்டி பார்த்து, மீதியை டயர், பாட்டரி, பிரேக், குழாய் வேலைகளுக்கு ஒதுக்கிக் கொள்ளுங்கள். கிணற்று மோட்டாருக்கும் அடுத்த போகத்து விதைக்கும் வைத்திருக்கும் பணத்தை எடுத்துக் கார் வாங்குவது சரியல்ல. பழைய கார் வருமானம் தராது; ஆனால் பார்த்து வாங்கினால் அவசரத்துக்கு உதவும். விலை பேசப் போகும்போது தரகரை மட்டும் நம்பாமல் உங்கள் மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண் போகாது.